க்யூட்டி 6-இன் கடைசிப் பதிப்பைப் பூட்டாதீர்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: க்யூட்டி நிறுவனத்தின் நிர்வாகம், எஸ்போ, பின்லாந்து, கேடிஇ ஃப்ரீ க்யூட்டி அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவினர்.

வணக்கம்.

க்யூட்டி 6 வரிசை என்றைக்காவது முடியும். அதற்கு அடுத்த வரிசை தொடங்கும். அந்த நாள் வரும்போது 6-இன் கடைசிப் பதிப்புக்கான கிளை, அதாவது அதன் திருத்தங்கள் சேரும் நிரல் தொகுப்பு, எல்லாருக்கும் திறந்தே இருக்கும் என்று இப்போதே எழுத்தில் உறுதி தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். மற்ற கோரிக்கைகளும் உண்டு, கீழே வருகின்றன. ஆனால் எங்களுக்கு முதன்மையானது இதுதான். க்யூட்டி 5 வரிசையின் கடைசிப் பதிப்பான 5.15-க்கு நடந்தது இன்னொரு முறை நடந்தால் தாங்குவதற்குக் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வரும். தமிழில் எழுதுவது, இங்கே க்யூட்டியை வைத்து வேலை செய்வோரும் இதைப் படித்துவிட்டு ஒத்துப்போகவோ மறுக்கவோ வேண்டும் என்பதற்காக. அவர்களில் புதியவர்களுக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு: சி++ மொழியில் ஒரே மூல நிரலை எழுதி விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றிலும் ஓடும் செயலியாக்க உதவும் நூலகத் தொகுதி க்யூட்டி. கேடிஇ மேசைத்தளம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. விஎல்சி, ஓபிஎஸ், கிருதா, க்யூஜிஐஎஸ், டெலிகிராமின் கணினிச் செயலி, வயர்ஷார்க், விர்ச்சுவல்பாக்ஸ் எனப் பட்டியல் நீளும். பைத்தானில் எழுதுவோர் பைசைடு, பைக்யூட்டி வழியாக இதையே பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பலர் சி++ ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கீழே சொல்லும் சிக்கல் அவர்களையும் தொடும்.

இனி 5.15-க்கு வருவோம். அது 2020 மே மாதம் வந்தது. 5.15.2 அந்த ஆண்டு நவம்பரில். டிசம்பர் 8 அன்று க்யூட்டி 6.0 வந்தது. நான்கு வாரம்கூட ஆகவில்லை, 2021 ஜனவரி 5 அன்று 5.15 கிளையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிந்தைய திருத்தங்கள் கட்டண உரிமம் பெற்றவர்களுக்கு உடனே போகும், மற்றவர்களுக்கு ஓராண்டு கழித்து வரும் என்பது ஏற்பாடு. சொன்னபடியே கட்டண வாடிக்கையாளர்கள் 2021-இல் பெற்ற 5.15.3-ஐ மற்றவர்கள் 2022-இல்தான் பார்த்தார்கள்.

தாமதத்தைவிட மோசமானது ஒன்று அதில் இருந்தது. 6.0-வுக்குப் போய்விடுங்கள் என்று நீங்கள் சொன்னபோது அந்த 6.0-வில் வெப்எஞ்சின் இல்லை, மல்டிமீடியா இல்லை, புளூடூத் இல்லை. இவை திரும்பியது 2021 செப்டம்பர் 30 அன்று வந்த 6.2-இல். அதாவது ஏறத்தாழ ஒன்பது மாதம், காணொளி இயக்கும் அல்லது வலைப்பக்கம் காட்டும் ஒரு செயலிக்குத் திறந்த மூலத்தில் பராமரிப்பு உள்ள முழுமையான க்யூட்டி என்று ஒன்றே உலகத்தில் இல்லை. பழையது பூட்டிக் கிடந்தது. புதியதில் பாதி உறுப்புகள் வந்து சேரவில்லை.

6.2 வந்ததும் எல்லாரும் தாவிவிட முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. க்யூட்டி 6 குறைந்தது சி++17 கேட்டது. நிரலைக் கட்டும் கருவியை க்யூமேக்கிலிருந்து சிமேக்குக்கு மாற்றுவது பல திட்டங்களுக்குத் தனி வேலையாக வந்து விழுந்தது. பழைய ரெஜெக்ஸ் வகுப்பும் எழுத்துக்குறி மாற்று வகுப்பும் தனி ஒத்திசைவு நூலகத்துக்குத் தள்ளப்பட்டன. கொள்கலன்களின் அளவு முழுஎண் வகையிலிருந்து 64 பிட் வகைக்கு மாறியதால் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். கேடிஇ போன்ற அனுபவமுள்ள பெரிய திட்டமே க்யூட்டி 6-இன் மேல் கட்டிய தன் மேசைத்தளமான பிளாஸ்மா 6-ஐ 2024 பிப்ரவரி 28 அன்றுதான் வெளியிட்டது. கிளை மூடியதற்கும் பிளாஸ்மா 6-க்கும் இடையே மூன்று ஆண்டுக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் கேடிஇ தன் பயனர்களை 5.15-இன் மேல்தான் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அதைக் காப்பாற்றியது கேடிஇ தொகுத்த பேட்ச் (நிரல் திருத்தக் கோப்பு) தொகுப்பு. 2021 ஏப்ரலில் அது தொடங்கியது. முறை இதுதான்: க்யூட்டியின் பொதுக் கிளையில் 6-க்காக வந்த திருத்தங்களில் 5.15-க்கும் பொருந்துபவற்றைப் பொறுக்கி, பழைய நிரலுக்கு ஏற்ப மாற்றி, தனிக் கிளையில் சேர்ப்பது. பெயர் சூட்டிய வெளியீடு கிடையாது, பதிப்பு எண்ணை உயர்த்துவது கிடையாது. ஓராண்டு தாமதத்தில் உங்கள் 5.15.3, 5.15.4 வரும்போதெல்லாம் அதன்மேல் தொகுப்பை மறுபடி ஏற்றி, இரண்டிலும் இருக்கும் பேட்சுகளைக் கழிக்க வேண்டும். ஒரே பிழையை நீங்கள் ஒருவிதமாகவும் தன்னார்வலர் வேறுவிதமாகவும் திருத்தியிருந்தால் ஓராண்டு கழித்து இரண்டும் மோதும். அப்போது எது சரி என்று பார்க்க மறுபடி ஆள் உட்கார வேண்டும். ஆளுக்கு ஆள் இரட்டை வேலை. அதனால் யாருக்கும் ஒரு காசு லாபம் வந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை, உங்களையும் சேர்த்து.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் கணக்கு உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்குப் பழக்கம் என்று தெரியாது. அதனால் சற்று விரித்துச் சொல்கிறோம். டெபியன் 12 2023 ஜூனில் வந்தது. அதில் உள்ள க்யூட்டி 6.4.2. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 6.5 அந்த ஏப்ரலில்தான் வந்தது, டெபியனோ ஜனவரியிலேயே பெரிய மாற்றங்களுக்குக் கதவடைத்துவிட்டது. உபுண்டு 24.04-உம் அதே 6.4.2-ஐ வைத்துக்கொண்டு 2024-இல் வெளிவந்தது, ஐந்தாண்டு ஆதரவுடன். உங்கள் பார்வையில் 6.4 ஆறு மாதத்தில் முடிந்துபோன பதிப்பு. ஆனால் நிறைய லினக்ஸ் கணினிகளில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

"பிறகு 6.5-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். முடியாது. காரணம் தனியார் தலைப்புக் கோப்புகள், அதாவது க்யூட்டி தன் உள்பயன்பாட்டுக்கு மட்டும் வைத்திருக்கும் நிரல் அறிவிப்புகள். பொது இடைமுகம் 6 வரிசை முழுக்க உடையாது என்ற உங்கள் வாக்குறுதியை நீங்கள் நன்றாகவே காப்பாற்றுகிறீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேசைத்தளத் தோற்றச் செருகிகள், உள்ளீட்டு முறைச் செருகிகள், பிளாஸ்மாவின் சில உறுப்புகள், பைத்தான் பிணைப்புகளின் பகுதிகள் எல்லாம் தனியார் தலைப்புகளைத் தொடுகின்றன. அவற்றுக்கு எந்த வாக்குறுதியும் இல்லை. டெபியன் இத்தகைய பொதிகளை க்யூட்டியின் துல்லியமான பதிப்பு எண்ணோடு கட்டிவைக்கிறது. க்யூட்டி ஒரு படி ஏறினால் அவை எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்து ஒரே வேளையில் நகர்த்த வேண்டும். நிலையான வழங்கலின் நடுவில் அதைச் செய்ய யாரும் துணிவதில்லை, துணியவும் கூடாது.

நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீருமா? 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் இருப்பது 6.8.2. அது உங்கள் நீண்டகால ஆதரவு வரிசைதான், ஐந்தாண்டு பராமரிப்பு என்று நீங்களே அறிவித்தது. ஆனால் திறந்த மூலத்துக்கு அந்த ஐந்தாண்டில் ஆறு மாதமே. 6.9 வந்ததும் 6.8-க்கான பொதுத் திருத்தங்கள் நின்றன. வழங்கல் சரியான பதிப்பைத் தேர்ந்தெடுத்தும் பயன் இல்லை.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தனிக் கோப்புகளாக எல்லாருக்கும் தருகிறீர்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அது நடைமுறையில் எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 டிசம்பரில் பொதுப் பாதுகாப்புப் பிழைப் பட்டியலான சிவிஇ-யில் பதிவான சிவிஇ-2023-51714, எச்டிடிபி/2 இணைப்பில் தலைப்புகளைச் சுருக்கும் பகுதியில் உள்ள பிழை. முழுஎண் நிரம்பி வழிகிறதா என்று பார்க்கும் சோதனையே தவறாக இருந்தது. குறிப்பேட்டில் உள்ளபடி திருத்தம் உள்ள பதிப்புகள் 5.15.17, 6.2.11, 6.5.4, 6.6.2. இந்த நான்கில் அப்போது கட்டணமில்லாமல் கிடைக்கக்கூடியது 6.6.2 ஒன்றே. 6.2-இன் தாமதமில்லாத திறந்த வெளியீடு 6.2.4-உடன் நின்றது, 6.5-இனுடையது 6.5.3-உடன். உபுண்டுவின் 6.4.2-ஐ வைத்திருப்பவருக்கு அந்தக் குறிப்பேடு சொல்வது "6.5.4-க்குப் போ" என்று. அந்தக் கதவு அவருக்கு ஓராண்டுக்குப் பூட்டு.

பேட்ச் இருக்கிறதே, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். வழங்கல்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் விண்டோஸ் செயலியோடு க்யூட்டி நூலகத்தைச் சேர்த்து அனுப்பும் சிறு குழு என்ன செய்யும்? உங்கள் நிறுவியிலிருந்து பெற்ற பைனரியை அது விட்டுவிட வேண்டும். மூலத்தை இறக்கி, பேட்சைப் போட்டு, தானே கம்பைல் செய்து, அதே விருப்பத்தேர்வுகள் வந்தனவா என்று சரிபார்த்து, பிறகு பதிப்பு எண்ணைப் பார்த்து எச்சரிக்கும் பாதுகாப்பு வருடிகளுக்கு "எண் பழையது, ஆனால் திருத்தம் உள்ளே இருக்கிறது" என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் சலிப்பூட்டுவது. வருடிக்குத் தெரிவது எண் மட்டும்.

தானே கம்பைல் செய்வதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்ட உதவும் எக்ஸ்சிபி நூலகத்தின் மேம்பாட்டுப் பொதிகளில் ஒன்று குறைந்தால் கட்டுமானம் பிழை காட்டி நிற்காது, அந்தத் தளச் செருகி இல்லாமலே முடிந்துவிடும். செயலியைத் திறக்கும்போதுதான் எக்ஸ்சிபி செருகியை ஏற்ற முடியவில்லை என்று அழும். 6.5 முதல் எக்ஸ்சிபி-கர்சர் நூலகமும் வேண்டும். அது பயனர் கணினியில் இல்லையென்றாலும் அதே அழுகைதான். மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் தலைப்புகள் இல்லாமல் கட்டினால் லினக்ஸில் பாதுகாப்பான இணைப்பே வேலை செய்யாது. அமைப்புப் படியின் முடிவில் வரும் சுருக்க அறிக்கையை வரிவரியாகப் படிக்காதவர் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். வெப்எஞ்சின் சேர்த்தால் நோட்ஜேஎஸ், பைத்தான், பெரிய நினைவகம், மணிக்கணக்கில் காத்திருப்பு. ஒரு வரித் திருத்தத்துக்காக இத்தனையும்.

பாதுகாப்பு அல்லாத பிழைகளுக்கோ தனிக் கோப்புகூடக் கிடையாது. இதில் எங்கள் மொழிக்கு நேரடியான பங்கு உண்டு. க்யூட்டி எழுத்துகளை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. லினக்ஸ் வழங்கல்கள் பொதுவாகத் தம் கணினியில் உள்ள ஹார்ஃப்பஸோடு அதை இணைத்துக்கொள்ளும், உங்கள் விண்டோஸ் பைனரியோ க்யூட்டிக்குள்ளேயே பொதிந்த பிரதியை வைத்திருக்கும். அங்கே எழுத்துக்கோர்ப்புத் திருத்தம் ஒன்று பயனரை அடைய வேண்டுமானால் க்யூட்டியின் புது வெளியீடு வழியாகத்தான் அடைய வேண்டும். "கொ", "க்ஷ", "ஸ்ரீ" போன்றவற்றில் கர்சர் எங்கே நிற்க வேண்டும், எந்த இடத்தில் வரியை உடைக்கலாம் என்று முடிவு செய்யும் யூனிகோட் அட்டவணையும், நாள், மாதப் பெயர்களுக்கான சிஎல்டிஆர் என்ற மொழிவாரித் தரவும் க்யூட்டிகோர் நூலகத்துக்குள் கம்பைல் ஆகி இருப்பவை. அவற்றைப் புதுப்பிக்கத் தனிப் பொதி எதுவும் இல்லை. க்யூட்டி நின்றால் அவையும் நிற்கும்.

தட்டச்சும் அப்படியே. லினக்ஸில் தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுவோர் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவிகள் வழியாக எம்17என் தொகுப்பின் விசைப்பலகைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஐபஸுக்கான செருகி க்யூட்டியின் அடிப்படைத் தொகுதியிலேயே இருக்கிறது. எஃப்சிஐடிஎக்ஸுக்கானது வெளியே, தனியார் தலைப்புகளை நம்பிக் கட்டப்படுகிறது. ஒரு செயலி தன் சொந்த க்யூட்டியைக் கூடவே எடுத்துவந்தால் கணினியின் செருகி அடைவை அது பார்க்காது. பார்க்கச் செய்தாலும் புதிய சிறுபதிப்பில் கட்டிய செருகியைப் பழைய க்யூட்டி ஏற்காது. விளைவு: அந்தச் செயலியில் மட்டும் தமிழ் தட்ட வராது, மற்ற எல்லாவற்றிலும் வரும். பயனர் விசைப்பலகையைக் குறை சொல்வார். கணினிப் பதிப்பும் செயலியின் பதிப்பும் விலக விலக இந்தக் கோளாறு பெருகும். விலகலைக் குறைக்கும் ஒரே வழி, பலரும் ஒரே நீண்டகாலப் பதிப்பில் நிற்பது. அந்தப் பதிப்பைத்தான் நீங்கள் பூட்டுகிறீர்கள்.

இனி எங்களுக்கு மிகவும் உறுத்துவது. க்யூட்டிக்கு ஒரு திருத்தம் அனுப்புபவர் முதலில் பங்களிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அதன்படி அவர் எழுதியதைக் கட்டண உரிமத்திலும் விற்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. திருத்தம் வளர்ச்சிக் கிளையில் ஏறும். எந்தெந்தப் பழைய கிளைகளுக்குப் போக வேண்டும் என்பதைக் குறிப்பின் அடியில் ஒரு வரியாக எழுதினால் தானியங்கி அதை அங்கே எடுத்துச்செல்லும். இலக்கு நீண்டகால ஆதரவுக் கிளை என்றால் அது போய்ச் சேர்வது உங்கள் தனிக் கிளை. எழுதியவர் அதைப் பார்க்க முடியாது. எடுத்துச் செல்லும்போது மோதல் வந்தால் தீர்ப்பது உள்ளே இருக்கும் ஒருவர், அந்த நிரலை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவராகவும் இருக்கலாம். சரியாகத் தீர்த்தாரா என்று அறிய மூல ஆசிரியர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். தான் நட்ட மரத்துக்கு மதிலுக்கு வெளியே நின்று தண்ணீர் ஊற்று என்பதுபோல் இருக்கிறது இது. பங்களித்தவருக்குத் தன் திருத்தம் போன இடத்தைப் படிக்கும் அனுமதியாவது கொடுங்கள். வணிக ரகசியம் எதுவும் அதில் கசியப்போவதில்லை, அந்த நிரலை எழுதியதே அவர்தான்.

திறந்து வைத்தால் வணிகம் கெடும் என்ற வாதத்துக்கு உங்கள் கையிலேயே மறுப்பு இருக்கிறது. 5.15-ஐ மூடியபோது க்யூட்டி வெப்எஞ்சினை மட்டும் மூடவில்லை. எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் உள்ள மூன்றாம் தரப்பின் நிரல் அதில் இருந்ததால் மூட முடியவில்லை. அதன் 5.15 கிளை பொதுவில் தொடர்ந்தது, வழங்கல்களும் அதிலிருந்தே எடுத்தன. மொத்தத் தொகுதியிலேயே பராமரிக்கக் கடினமான, செலவு மிகுந்த உறுப்பு அது. அதைத் திறந்துவைத்ததால் கட்டண வாடிக்கையாளர்கள் ஓடிவிட்டதாக நீங்கள் ஒருபோதும் சொன்னதில்லை.

உங்கள் வருமானத்தின் மேல் எங்களுக்குக் காழ்ப்பு இல்லை. க்யூட்டியில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுவது உங்கள் ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் எதற்காகப் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள். எல்ஜிபிஎல் கடமைகளிலிருந்து விடுபடுவதற்கு: நூலகத்தைப் பயனர் மாற்றிக்கொள்ள வழி விடுவது, நிலையாக இணைத்தால் ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தருவது, நுகர்வோர் சாதனம் என்றால் மாற்றிய நூலகத்தை நிறுவும் தகவலைத் தருவது, இதெல்லாம் கார், மருத்துவக் கருவி செய்பவர்களுக்கு ஒத்துவராது. 2016-இல் 5.7-உடன் எல்ஜிபிஎல் 3-ஆம் பதிப்புக்கு நகர்ந்த பிறகு அந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. அதன்மேல் நுண்கட்டுப்படுத்திகளுக்கான க்யூட்டி, பாதுகாப்புச் சான்றுள்ள ரெண்டரர், கேட்டால் பதில் சொல்லும் ஆதரவுக் குழு. மேலும் க்யூட்டி குவிக் 3டி, விர்ச்சுவல் கீபோர்டு, எச்டிடிபி சர்வர் போன்றவை கட்டணமில்லா வழியில், செயலியின் மூலத்தையும் திறக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் மட்டுமே கிடைக்கின்றன. மூடிய மூலச் செயலி செய்பவர் அவற்றுக்காகவும் உங்களிடம்தான் வர வேண்டும். இத்தனை இருக்கும்போது பிழைத்திருத்தத்தைத் தாமதப்படுத்திச் சம்பாதிப்பது எவ்வளவு இருக்கும்?

ஆகவே நாங்கள் முன்வைக்கும் அளவு இது. ஒரு பெரிய வரிசையின் கடைசிச் சிறுபதிப்பு, அடுத்த வரிசையில் அதன் எல்லாத் தொகுதிகளும் திரும்பி வரும் வரை பொதுக் கிளையில் இருக்கட்டும். திரும்பிய நாளிலிருந்து மேலும் 24 மாதம் இருக்கட்டும். கைவிடப்போகும் தொகுதி எது என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி அறிவித்துவிட்டால் அது கணக்கில் சேராது. ஐந்தாண்டு ஆதரவில் மீதிக் காலமும் அதற்குப் பிந்தைய நீட்டித்த பாதுகாப்பு ஆதரவும் உங்கள் விற்பனைக்கு. இடையில் வரும் 6.8 போன்ற நீண்டகாலப் பதிப்புகளுக்கு 24 மாதம் கேட்கவில்லை. 12 மாதத் தாமதத்தை 3 மாதமாகக் குறையுங்கள், சிவிஇ திருத்தம் உள்ள வெளியீட்டை மட்டும் அன்றைக்கே எல்லாருக்கும் எண்ணோடு வெளியிடுங்கள். எண் முக்கியம் என்பதை மேலே சொன்னோம்.

நிறுவி பற்றியும் ஒன்று. 2020 தொடக்கத்தில் இணையவழி நிறுவிக்குக் கணக்கு கட்டாயமானது. 5.15 தொடங்கித் திறந்த மூலத்துக்கான முழுமையான ஆஃப்லைன் நிறுவி நின்றது. தானியங்கிக் கட்டுமானங்களில் எல்லாரும் ஏக்யூடி என்ற வெளியார் கருவியைக் கொண்டு உங்கள் களஞ்சியத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்கிறார்கள். ஆக, கணக்குக் கட்டாயம் தேர்ந்தவர்களைத் தடுக்கவில்லை. மாட்டிக்கொள்வது 40 கணினி உள்ள கல்லூரி ஆய்வகத்தில் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் நிறுவ வேண்டிய ஆசிரியர். முன்பு ஒரு கோப்பை பென்டிரைவில் எடுத்துப்போனால் முடிந்த வேலை. ஒவ்வொரு நீண்டகாலப் பதிப்பின் கடைசித் திறந்த வெளியீட்டுக்கும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் தலா ஒரு ஆஃப்லைன் நிறுவி போட்டால் போதும். அதை நீங்கள் எப்படியும் கட்டண வாடிக்கையாளர்களுக்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அறக்கட்டளையின் குழுவினருக்கு.

1998-இல், அப்போது க்யூட்டியை உருவாக்கி வந்த டிரால்டெக் நிறுவனத்தோடு நீங்கள் செய்த ஏற்பாடு நோக்கியா வந்து போனபோதும், 2012-இல் டிஜியா வாங்கியபோதும் தாக்குப்பிடித்தது. கட்டற்ற பதிப்பு 12 மாதத்துக்குள் வரவில்லையென்றால் பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமத்தில் நீங்களே வெளியிடலாம் என்ற விதி, வேறு எந்த இடைமுகத் தொகுதிக்கும் இல்லாத பாதுகாப்பு. குழுவில் இரு தரப்புக்கும் தலா இரண்டு பேர், வாக்கு சமமானால் கேடிஇ தரப்பின் முடிவு. இதெல்லாம் சரி. ஆனால் அந்த 12 மாதம், நிறுவனம் நொடித்துப்போகும் அல்லது கைமாறும் நாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இன்று அது அன்றாட வணிகத்தின் கால அட்டவணையாகிவிட்டது: ஒப்பந்தம் அனுமதிக்கும் அதிகபட்ச அவகாசம் 12 மாதம், நீண்டகாலத் திருத்தங்களின் தாமதமும் சரியாக 12 மாதம். 2020 ஏப்ரலில் எல்லா வெளியீடுகளையுமே முதல் 12 மாதம் கட்டணக்காரர்களுக்கு மட்டும் என்று வைக்க நிறுவனம் யோசிப்பதாக உங்கள் தரப்பிலிருந்தே செய்தி வந்தது. அது நடக்கவில்லை. நடந்திருந்தாலும் ஒப்பந்தத்தின் எழுத்து மீறப்பட்டிருக்காது என்பதுதான் கவலை.

அடுத்த முறை ஒப்பந்தத்தைத் திருத்த உட்காரும்போது இரண்டு மாற்றங்கள் கேளுங்கள். பாதுகாப்புத் திருத்தம் அடங்கிய வெளியீட்டுக்கு 12 மாத அவகாசம் பொருந்தாது என்ற ஒரு வரி. ஒரு வரிசையின் கடைசிப் பதிப்புக்கான மேற்சொன்ன ஏற்பாட்டைச் சொல்லும் ஒரு பிரிவு. இரண்டையும் நிறுவனம் மறுத்தால் மறுத்த காரணத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். பேச்சுவார்த்தை நடப்பதே பிறகுதான் தெரிகிறது என்ற நிலை நல்லதல்ல.

"பிடிக்கவில்லையென்றால் பிரித்துக்கொண்டு போங்கள்" என்று இரு பக்கத்திலும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இது. க்யூட்டி 3-இன் பிரிவு டிரினிட்டி மேசைத்தளத்துக்காக இன்னும் உயிரோடு இருக்கிறது. க்யூட்டி 4-இலிருந்து காப்பர்ஸ்பைஸ் பிரிந்தது. இரண்டுமே உழைப்பால் நிற்பவை, மதிக்க வேண்டியவை. ஆனால் விஎல்சியோ க்யூஜிஐஎஸோ அவற்றுக்கு மாறவில்லை. காரணம் நிரல் அல்ல. விண்டோஸில் இரண்டு கம்பைலர், மேக்கில் ஆண்டுதோறும் மாறும் கட்டமைப்பு, ஆண்ட்ராய்டின் புதிய நிபந்தனைகள், ஐஓஎஸ், வேலேண்ட், எக்ஸ்11 என ஒவ்வொரு மாற்றத்தையும் இவை அனைத்திலும் சோதிக்கும் இயந்திரக் கூட்டம் வேண்டும். வெப்எஞ்சினுக்கு அடிப்படையான குரோமியம் உலாவியின் பாதுகாப்பு வேகத்துக்கு ஈடுகொடுத்து அதைப் புதுப்பிக்க முழுநேர ஆட்கள் வேண்டும். பிரிவது சட்டப்படி எளிது, பராமரிப்பது அப்படியல்ல. இது உங்களுக்குச் சாதகமான வாதம் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிய முடியாதவர்கள் சத்தமில்லாமல் வேறு கருவிக்குப் போவார்கள். புதிதாகத் தொடங்கும் திட்டங்கள் எலக்ட்ரான், ஃபிளட்டர் போன்ற மாற்றுக் கருவிகளை எடுப்பதில் க்யூட்டியின் உரிமக் குழப்பத்துக்கும் பங்கு உண்டு. திறந்த மூலப் பதிப்பில் தொடங்கிய செயலியைப் பிறகு கட்டண உரிமத்துக்கு மாற்ற உங்கள் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையைக் கேள்விப்பட்டதுமே சிறு நிறுவனங்கள் பின்வாங்குகின்றன. அதை மூன்று பத்தியில், எப்போது ஒப்புதல் தருவீர்கள், எவ்வளவு ஆகும் என்று தெளிவாக எழுதிவைத்தாலே பாதிப் பயம் போகும்.

6 வரிசையின் கடைசிப் பதிப்பு எதுவென்று நீங்கள் இன்னும் அறிவிக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறோம். அறிவித்த பிறகு விற்பனைத் திட்டங்கள் உருவாகிவிடும், வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுவீர்கள், பிறகு பின்வாங்க முடியாது. கிளைக் கொள்கையை விளக்கும் உங்கள் பொது ஆவணத்தில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். அந்தப் பத்தியின் வரைவை எழுதித் தரவும், க்யூட்டி திட்டத்தின் மதிப்பாய்வுக்கு வைக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
க்யூட்டியில் நிரல் எழுதும், அதைப் பொதிகளாக்கி வழங்கும் தமிழர் சிலர்